ஏசிஎல் மனப்பாடமும் எங்கள் வீட்டு ரௌட்டரும்

சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க் தேர்வான சிசிஎன்ஏவுக்குப் படிக்கிறவர்கள், எந்தப் பாக்கெட்டை விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் விதிப் பட்டியலான ஏசிஎல் பாடத்தில் முதலில் மனப்பாடம் செய்வது, கடைசி வரிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் 'எல்லாவற்றையும் தடு' என்ற ஒரு டினை (deny) உட்கார்ந்திருக்கும் என்பதைத்தான். நானும் செய்தேன். லினக்ஸிலும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன், அதுவே எனக்கு வினையானது.

கோத்தகிரி வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் இன்னொரு நெட்வொர்க் கார்டு சொருகி, லினக்ஸ் ஏற்றி, வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே ஐபியில் வெளியே போக நாட் (NAT) போட்டு ரௌட்டராக்கினேன். மழை பெய்தாலே கரண்ட் போகிற ஊரில் இரண்டு பெட்டிக்கு யுபிஎஸ் கட்டுப்படியாகாது என்று வெப் சர்வரான அப்பாச்சி, டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் எல்லாவற்றையும் அதிலேயே வைத்துவிட்டேன்.

லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் ஃபார்வர்ட் செயின் என்ற ரூல் வரிசைக்குப் பார்த்துப் பார்த்து ரூல் எழுதினேன், இன்புட் பக்கம் போகவே இல்லை. பெட்டியைக் கடந்து போகிற பாக்கெட்டுக்குத்தான் ஃபார்வர்ட், பெட்டிக்கே வருவது இன்புட்டில் நுழையும். சிஸ்கோ ஏசிஎல்லில் எந்த வரியிலும் பொருந்தாதது தானாகத் தடுக்கப்பட்டுவிடும். ஐபிடேபிள்ஸில், எந்த ரூலிலும் பொருந்தாததை என்ன செய்வது என்ற பாலிசியை நாமாக மாற்றாதவரை அக்செப்ட்தான், அதாவது உள்ளே விட்டுவிடும். வீட்டு வைஃபையிலிருந்து சோதித்ததில் இது பிடிபடவில்லை. ஒருநாள் மொபைல் டேட்டாவிலிருந்து எங்கள் ஐபிக்கே, எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று காட்டும் என்மேப்பை ஓட்டினேன், 22 (எஸ்எஸ்எச் என்ற ரிமோட் லாகின்), 80 (வெப்), 3306 (மைஎஸ்க்யூஎல்) மூன்றும் திறந்து கிடந்தன. லாகைப் பார்த்தால், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பெயரில் தப்பான பாஸ்வேர்டு, தப்பான பாஸ்வேர்டு என்று வரிவரியாக ஓடிக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் நின்ற அக்கா, "டேய், என் பேங்க் வேலையும் இது வழியாத்தானே போகுது?" என்றாள். நெட்வொர்க் படிக்காதவள் கேட்ட சரியான கேள்வி. பிஎச்பி ஃபைலில் ஒரு ஓட்டை வழியாக வருகிறவன், கெர்னலும் பழசாக இருந்தால், ரூட் வரை ஏறிவிடலாம். அப்புறம் ஃபயர்வாலும், தளப் பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் அவன் கையில். எச்டிடிபிஎஸ் இருப்பதால் பக்கத்துக்குள் இருப்பதைப் படிக்க முடியாது, ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தெரியும், வேறு இடத்துக்குத் திருப்பியும் விடலாம். சர்டிஃபிகேட் எச்சரிக்கை வந்தால் வீட்டில் எத்தனை பேர் நிதானித்துப் படிக்கிறார்கள்?

இப்போது முன்னால் ஒரு சின்ன ரௌட்டர், சர்வர் வீட்டு நெட்வொர்க்கிலிருந்து பிரித்த தனி விலானில் (VLAN). மைஎஸ்க்யூஎல் 127.0.0.1 தாண்டி, அதாவது அந்தப் பெட்டியைத் தாண்டி வராது, எஸ்எஸ்எச்சுக்கு பாஸ்வேர்டு கிடையாது, கீ ஃபைல் மட்டும்தான். ஐபிவி6 இருந்தால் ஐபி6டேபிள்ஸில் தனியாக எழுத வேண்டும், அதையும் முதலில் கோட்டை விட்டேன்.

பரீட்சைக்கு இதில் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. ஏசிஎல் கேள்வி வந்தால் பாக்கெட் ரௌட்டருக்கா, ரௌட்டர் வழியாகவா, ரௌட்டரே அனுப்புவதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சிஸ்கோ ரௌட்டர் தானே அனுப்பும் பாக்கெட்டை வெளியே போகும் பக்கம் போட்ட அவுட்பவுண்ட் ஏசிஎல் தடுக்காது, பயிற்சித் தேர்வுகளில் நான் அடிக்கடி மார்க் விட்ட இடம் அதுதான்.