மிரண்ட நாயைத் தத்தெடுப்பவர்களுக்கு

காப்பகக் கூண்டின் பின்மூலையில் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் நாயைக் கொண்டுவருவதாக இருந்தால், கையெழுத்துப் போடுமுன் பராமரிப்பவரிடம் கேட்டுவிடுங்கள்: என்ன தீனி, எத்தனை வேளை, யார் கையில் வாங்கித் தின்கிறது, எதைக் கண்டு மிரள்கிறது, மற்ற நாய்களோடு எப்படி. மனிதரிடம் ஒடுங்கும் நாய்கள் பல, இன்னொரு நாயைப் பார்த்துத்தான் தைரியம் பெறுகின்றன. ஆனால் வீட்டில் நாய் இருந்தால் முதல் இரண்டு வாரம் தனித்தனியே வைக்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற கொடிய வைரஸ் நோய்கள் தொற்றிய உடனே வெளியே தெரியாது.

ஆரம்ப நாட்களில் பெரிய ஆபத்து, தப்பி ஓடுவதுதான். பயந்த நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும். சாதாரணக் கழுத்துப்பட்டை காதைத் தாண்டிக் கழன்றுவிடும். இழுத்தால் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை ஒன்று, விலாவுக்குப் பின்னால் கூடுதல் வார் உள்ள ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி லீஷ் (பிடிகயிறு). கார் கதவைத் திறக்குமுன்பே இரண்டும் உங்கள் கையில் இருக்கட்டும். நீண்டு சுருங்கும் லீஷ் வேண்டவே வேண்டாம். கைப்பிடி நழுவினால் அது தரையில் தடதடவென்று நாயைத் துரத்திக்கொண்டே போகும்.

வீட்டில் நடமாட்டம் குறைந்த ஒரு மூலை, மூன்று பக்கமும் துணி மூடிய கூண்டு, எப்போதும் திறந்த கதவு. ஒளிந்திருக்கும் நாயை வெளியே இழுக்காதீர்கள். குளிப்பாட்டுவதும் விருந்தாளிகளும் பிறகு. முதல் நாள் சாப்பிடாமல் இருக்கலாம், தண்ணீர் குடித்தால் பொறுக்கலாம். இரண்டாம் நாளும் தொடாவிட்டாலோ, வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். குட்டியென்றால் அவ்வளவு நேரம்கூடத் தாங்காது. காப்பகத் தீனியையே கொஞ்ச நாள் கொடுத்து, பிறகு 7 முதல் 10 நாளில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள்.

நல்லெண்ணத்தோடு பலரும் கெடுத்துக்கொள்வது ஒன்று உண்டு: கையில் தின்பண்டத்தை நீட்டி அழைப்பது. நாய் பின்கால்களை அங்கேயே ஊன்றிக்கொண்டு கழுத்தை மட்டும் எட்டி நீட்டும். தின்று முடித்த நொடியில்தான் எவ்வளவு கிட்டே வந்துவிட்டோம் என்பது அதற்கு உறைக்கும். பதறி ஓடும், சிலது கடிக்கும். அதற்குப் பதில், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, பட்டாணி அளவுத் துண்டை நாய்க்குப் பின்னால் எறியுங்கள். விலகிப் போய்த் தின்றுவிட்டுத் தானாகத் திரும்பும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு தூரம் என்பதை அதுவே முடிவு செய்யட்டும்.

தொட விட்டால் நெஞ்சுப் பக்கம் 3 நொடி தடவிக் கையை எடுங்கள். மறுபடி வந்து உரசினால் தொடரலாம். உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி, ஓரக்கண்ணில் வெள்ளை தெரிவது, உடல் விறைப்பது எல்லாம் 'போதும்' என்பதற்கான அடையாளம். உறுமினால் அதட்டாதீர்கள், உறுமலை அடக்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கக்கூடும்.

சத்தங்களுக்குப் பழக்கும்போது காலிங் பெல் முதலில், தீனி அதன் பின். வரிசை மாறினால் தீனியே வரப்போகும் சத்தத்துக்கு அறிவிப்பாகி, கிண்ணத்தைக் கண்டாலே நடுங்கும்.

3 முதல் 14 வார வயதுக்குள் மனிதரோடு பழகாத நாய்க்கு முழுத் துணிச்சல் வராமலே போகலாம். மாதக்கணக்கில் முன்னேற்றமே இல்லையென்றால் பல், காது, மூட்டு வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வலியில் ஒதுங்குவதும் பயமாகவே தெரியும். மருத்துவர் பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூயாக்ஸெட்டின் மருந்தை எழுதித் தந்தால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் பிடிக்கும். பத்தே நாளில் 'ஒன்றும் ஆகவில்லை' என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.