கூடியிருக்கலாம்

"சூடு கூடியிருக்கலாம் பாய்." பார்லிப் பாகு இனிக்காத அன்று நான் சொன்னது அவ்வளவுதான். முதலாளி காதில் அது 'கூடிப்போச்சு' என்று விழுந்திருக்கிறது. மறுவாரமே அண்டா பார்த்துக்கொண்டிருந்த அக்காவை பாக்கெட் போடும் பக்கம் மாற்றிவிட்டார். அங்கே கூலி குறைவு. ஒரு மாதம் வந்தார், அப்புறம் நின்றுவிட்டார்.

பார்லி எங்களுக்கு வடக்கிலிருந்து முளைகட்டிக் காயவைத்த மால்ட்டாகவே மூட்டையில் வரும். முளைகட்ட 15, 16 டிகிரி குளிர்ச்சி வேண்டும். கீழக்கரை வெயிலில் நடக்கிற காரியமா? நொறுக்கி, 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் மாவுச்சத்து சர்க்கரையாகும். பீருக்கும் இந்தக் கட்டம் வரை இதே வேலைதான், நாங்கள் ஈஸ்ட் போடுவதில்லை. (பாய் முன்னால் இதைச் சொன்னதில்லை.)

அன்றைக்கு அயோடின் சொட்டு விட்டேன், நீலம் வரவில்லை. மாவுச்சத்து உடைந்திருக்கிறது. ஆனால் பாகில் இனிப்பு இல்லை. மால்ட்டில் இதற்கு இரண்டு நொதிகள். ஆல்ஃபா அமைலேஸ் மாவுச்சத்துச் சங்கிலியைக் கண்ட இடத்தில் வெட்டும், 70 டிகிரியிலும் தாக்குப்பிடிக்கும். பீட்டா அமைலேஸ்தான் நுனியிலிருந்து நறுக்கி நறுக்கி மால்டோஸ் என்ற சர்க்கரையைத் தருவது. 65ஐத் தாண்டினால் அது சீக்கிரம் செத்துவிடும். நீலமும் இல்லை, இனிப்பும் இல்லை என்றால் பீட்டா பாதியிலேயே போயிருக்கிறது. படித்ததைத்தான் சொன்னேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"சூடெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு தம்பி. சரக்கு வேற. வாசமே வேற" என்றார் அக்கா. நான் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். அவர் நோட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதியிருந்தது: 65, 65, 65, 65. எல்லாம் ஒரே எண்ணாக இருந்ததே எனக்குச் சந்தேகம்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். பார்லியின் நான்காவது குரோமோசோமில் இருக்கிறது பீட்டா அமைலேஸுக்கான மரபணு. ரகத்துக்கு ரகம் அதில் சின்ன மாற்றங்கள். ஒன்றிரண்டு அமினோ அமிலம் மாறினாலே நொதி சூடு தாங்குவது மாறிவிடுகிறது. காட்டு பார்லியில் நன்றாகத் தாங்கும் வகைகூட உண்டு. கதிரில் மணி முற்றும்போதே உருவாகிவிடும் நொதி இது, ரகத்தோடு வரும் அதன் குணம் முளைகட்டுவதால் பெரிதாக மாறிவிடாது. மூட்டையில் எடையும் வியாபாரி குறியும் மட்டும்தான் இருந்தன. ரகம் என்னவென்று கேட்டிருக்க வேண்டியது என் வேலை.

அந்தத் தெர்மாமீட்டரைப் பிறகு கொதிநீரில் வைத்துப் பார்த்தேன். 98 காட்டியது. அப்படியானால் அவர் 65 என்று எழுதியபோது அண்டாவில் 67 இருந்திருக்கும். ஆக, நான் சொன்னது சரி. ஆனால் முந்தைய சரக்குகளும் இதே தெர்மாமீட்டரில்தானே இனித்தன? அவர் சொன்னதும் சரி. அதைக் கொதிநீரில் வைத்துப் பார்க்க வேண்டியவனும் நான்தான். இதை பாயிடம் போய்ச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து என்ன சொல்வது?

போன மாதம் ஏர்வாடி பஸ்ஸில் அக்காவைப் பார்த்தேன். கடல்பாசி எடுக்கப் போகிறாராம், விரலெல்லாம் பாறை கிழித்த தழும்பு. நலம் விசாரித்துவிட்டு, "அந்தச் சரக்கு திரும்ப வந்துச்சா தம்பி?" என்றார்.

வந்தது, இரண்டு தடவை. வியாபாரி குறியைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் 62ல் வைத்து எடுத்தேன். நன்றாக இனித்தது.

"இல்லக்கா" என்றேன்.