வண்டியில் வருகிறவருக்கு எழுதுங்கள்

"எங்கள் தெருவில் விளக்கே எரிவதில்லை. எத்தனை முறை சொல்வது? கேட்பாரே இல்லையா?" நகர நிர்வாகத்தின் இணையதளத்தில் இப்படிப் பதிவாகும் புகார்கள் ஏராளம். கோபத்தில் நியாயம் இருக்கிறது. எந்தக் கம்பம், ஒரு விளக்கா, வரிசை முழுவதுமா என்ற விவரம்தான் இல்லை. புகார் பதிவு செய்ய மக்களுக்கு உதவும் வேலையில் இருப்பவர்களுக்கு முதலில் உறைப்பது இதுதான்: எழுதுகிறவர் மனதில் ஓர் அதிகாரியை வைத்து எழுதுகிறார், அதை வைத்துக்கொண்டு வேலை செய்யப்போகிறவரோ வேறு ஆள். ஏணியும் கருவிகளும் ஏற்றிய வண்டியில், அந்தத் தெருவை முன்பின் பார்த்திராத ஒருவர் வருகிறார். இடம் பிடிபடவில்லை என்றால் "இடத்தைக் கண்டறிய இயலவில்லை" என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருந்தது அவ்வளவுதான்.

ஆகவே முதல் கவனம் வரைபடத்தில் விழும் புள்ளிக்கு. ஆப்பைத் திறந்ததும் அது போன் இருக்கும் இடத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பள்ளத்தைக் காலையில் பார்த்துவிட்டு இரவு வீட்டிலிருந்து பதிவு செய்தால், புகார் பதிவாவது அவர் வீட்டு வாசலில். அந்த இடத்திலேயே நின்று பதிவு செய்தாலும் முழுதாக நம்ப முடியாது. திறந்த வெளியில் போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் புள்ளி பக்கத்துத் தெருவுக்கே தாவிவிடும். விரலால் இழுத்துச் சரியான இடத்தில் வைத்த பிறகுதான் அடுத்த திரைக்குப் போக வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நகலெடுத்து ஒட்டுவோர் தசமப் புள்ளிக்குப் பின் 5 இலக்கங்களை வைத்திருந்தால் ஏறக்குறைய 1 மீட்டர் நுணுக்கம் கிடைக்கும். 3 இலக்கத்தோடு வெட்டிவிட்டால் 100 மீட்டருக்கு மேலும் தள்ளிப்போகலாம்.

புள்ளி வைத்தாயிற்று என்று இடத்தை வார்த்தையில் சொல்வதை விட்டுவிடக் கூடாது. "என் வீட்டுக்கு எதிரே" என்பது எழுதியவருக்கு மட்டுமே விளங்கும் முகவரி. "பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி வாசலை நோக்கி நடந்தால் இடப்பக்கம் மூன்றாவது கம்பம்" என்றால் யாரும் போய்ச் சேரலாம். கம்பத்தில் பெயின்ட்டாலோ தகட்டிலோ எண் எழுதியிருந்தால் அதைவிட நல்ல முகவரி கிடையாது. கூடவே மூன்று விவரம் சேர்த்தால் போதும்: எரியாதது ஒன்றா வரிசையாகப் பலவா, விட்டுவிட்டு எரிகிறதா, பகலிலும் எரிகிறதா. ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் விளக்கிலோ அதன் இணைப்பிலோ பழுது. வரிசையே அணைந்திருந்தால் மின்சாரம் வரும் வழியில் தேட வேண்டும். பகலிலும் எரிந்தால் வெளிச்சத்தை உணரும் சென்சார் அல்லது டைமர். எந்தப் பொருளை வண்டியில் எடுத்துவருவது என்பதை இந்த மூன்றும் தீர்மானிக்கின்றன.

படம் இரண்டு வேண்டும். ஒன்று பழுதைக் காட்ட, கிட்டத்திலிருந்து. இன்னொன்று இடத்தைக் காட்ட, பின்னால் ஒரு பெயர்ப்பலகையோ வாசலோ தெரியும்படி சற்றுத் தள்ளி. பலர் முதல் படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தார்ச்சாலையில் ஒரு குழியின் நெருக்கமான படம் உலகத்தில் எந்தச் சாலையாகவும் இருக்கலாம். மெசேஜ் ஆப்பில் பகிரப்பட்டு வந்த படத்தில் இடத் தகவல் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். அதை நம்பிப் பதிவு செய்தால் புள்ளி மறுபடி போன் இருக்கும் இடத்துக்கே வந்துவிடும். பல தளங்களில் புகார்களை எல்லோரும் பார்க்கலாம் என்பதால் படத்தில் முகங்களும் வண்டி எண்களும் விழாமல் பார்த்துக்கொள்வது நல்லது. குழிக்கு அகலம், ஆழம் இரண்டும் உத்தேசமாகவாவது எழுதலாம். ஆனால் அதற்காக ஓடும் வண்டிகளுக்கு நடுவே போய் நிற்க வேண்டாம். தண்ணீர் நிறைந்த குழியில் காலை விட்டு அளக்கவும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் சிக்கலானது வகையைத் தேர்ந்தெடுப்பது. படிவத்தில் இருக்கும் பட்டியல் துறைவாரியாகப் பிரிந்திருக்கிறது. மக்கள் கண்ணில் படுவதோ "தெருவில் தண்ணீர் நிற்கிறது". அது குடிநீர்க் குழாய் உடைப்பாக இருக்கலாம், கழிவுநீர் அடைப்பாக இருக்கலாம், மழைநீர் வடிகால் தூர்ந்ததாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் வெவ்வேறு ஆட்கள். மழையே இல்லாத நாளில் தெளிந்த நீர் விடாமல் கசிந்தால் குழாயைச் சந்தேகிக்கலாம். நாற்றமும் கருமையும் இருந்தால் கழிவுநீர். மழை பெய்தால் மட்டும் தேங்கி ஓரிரு நாளில் வற்றினால் வடிகால். ஒரே இடத்தில் குழி திரும்பத் திரும்ப விழுகிறதென்றால் அதையும் எழுத வேண்டும்: அடியில் குழாய் கசிந்து மண் அரிக்கலாம், குழாய் பதித்த பள்ளத்தைச் சரியாக இறுக்காமல் மூடியிருக்கலாம். மேலே தார் போட்டு அடைப்பதால் அது தீராது, தோண்டிப் பார்க்க வேண்டிய வேலை.

எதிலும் பொருந்தவில்லை என்று "மற்றவை"யைத் தொடுவதைக் கூடியவரை தவிர்ப்பது நல்லது. அதற்கென்று ஒரு துறை இல்லாததால், யாராவது படித்துப் பிரித்து அனுப்பும் வரை அது அங்கேயே கிடக்கும். நகரத்துக்குள் இருக்கும் எல்லாச் சாலையும் நகர நிர்வாகத்துடையது அல்ல என்பது இன்னொரு சங்கடம். 2007இல் பிரிட்டனில் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளம் இந்தப் பாரத்தைக் குடியிருப்பவர் தலையிலிருந்து இறக்கியது. வரைபடத்தில் இடத்தைத் தொட்டால் போதும். அது எந்த நிர்வாகத்தின் எல்லை என்பதைத் தளமே பார்த்து அனுப்பிவிடும். பக்கத்தில் ஏற்கெனவே பதிவான புகார்களையும் அதே வரைபடத்தில் காட்டும்.

இதைக் காட்டுவது ஏன் முக்கியம் என்றால், பத்துப் பேர் பதிவு செய்தால் சீக்கிரம் நடக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நடைமுறையில் ஒன்பது புகார்கள் "ஏற்கெனவே பதிவானது" என்று மூடப்படும், மூடப்பட்ட ஒன்பது பேரும் கொதிப்பார்கள். பழைய புகாரைப் பின்தொடரும் வசதி இருந்தால் அதுவே மேல். நகரங்களின் புகார் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக வகுக்கப்பட்ட ஓபன்311 என்ற பொது வடிவத்தில் ஒரு புகாருக்கு இரண்டே நிலைகள்தான்: திறந்தது, மூடியது. சரிசெய்ததும் மூடியது; இடம் கிடைக்காததும் மூடியது; எங்கள் வேலை இல்லை என்பதும் மூடியது. காரணம் தனியாக ஒரு குறிப்பில் இருக்கும், எழுதியிருந்தால். "மூடிவிட்டார்கள்" என்று வருகிறவரிடம் அந்தக் குறிப்பைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தொங்கும் மின்கம்பி, மூடியில்லாத பாதாளக் குழி, எரிவாயு நாற்றம் ஆகியவை படிவத்துக்கு உரியவை அல்ல. உடனே போன்.

வேறொருவருக்காகப் பதிவு செய்யும்போது உதவுகிறவர் தன் எண்ணைக் கொடுப்பது பெரிய தவறு. ஓடிபி சட்டென்று வந்துவிடும், வேலை முடிந்த மாதிரி இருக்கும். பிறகு வரும் எல்லாத் தகவலும் உதவியவர் போனுக்குப் போகும். புகாரை மறுபடி திறக்கக் கொடுக்கும் சில நாள் அவகாசமும் உரியவருக்குத் தெரியாமலே கழிந்துவிடும். அவருடைய எண்ணில் பதிந்து, புகார் எண்ணைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுப்பதே சரி. குரலில் சொல்லித் தட்டச்சு செய்தால் தெருப்பெயரை மட்டும் ஒரு முறை சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும். அது தப்பாக விழுவதுதான் வழக்கம். ஒரு புகாரில் ஒரு பிரச்சினை. குழியும் விளக்கும் குப்பையும் ஒன்றாகச் சேர்ந்தால் முதலாவதைச் செய்தவர் மொத்தத்தையும் மூடிவிடுவார்.

சரிசெய்ததாகச் செய்தி வந்ததும் உடனே "திருப்தி" என்று அழுத்தச் சொல்ல வேண்டாம். விளக்கு என்றால், வேலை நடந்தது பகலில். இருட்டிய பிறகு ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு அழுத்தச் சொல்லுங்கள்.