கட்டார் வானமும் எங்கட சீனக்குடாவும்

2025 ஜூன் 23, இரவு பத்து மணி இருக்கும். அம்மாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு லைற்றை நூர்க்கப் போன நேரம் கட்டாரில் இருந்து தம்பி எடுத்தான். அங்கே ஏழரை. அந்த நேரத்தில் அவன் எடுப்பதில்லை, வேலை முடிந்து வந்து சமையலில் நிற்பான். "அக்கா, வானத்தில வெடிக்குது, இஞ்ச பாருங்கோ" என்று போனைத் திருப்பிக் காட்டினான். இருட்டில் மஞ்சளாய் ஒரு புள்ளி ஏறுகிறது, ஏறி ஏறிப் போய் ஓரிடத்தில் சத்தமில்லாமல் விரிகிறது, கொஞ்சம் பொறுத்துத்தான் சத்தம் வருகிறது. மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். "உள்ளுக்குப் போடா" என்று நான் கத்திய கத்தில் அம்மா எழும்பி வந்துவிட்டார்.

கட்டாரில் இருக்கிற அமெரிக்க விமானத் தளத்துக்கு ஈரான் ஏவுகணை விட்ட இரவு அது. அவன் உள்ளே போகவில்லை. "அண்டைக்கு நேவிக் காம்புக்கு அடிச்ச மாதிரியே கிடக்கு அக்கா" என்றான்.

அந்த அண்டைக்கு என்பது 2008 ஆகஸ்ட் 26. புலிகளின் சின்ன விமானம் வந்து திருகோணமலை கடற்படைத் தளத்தில் குண்டு போட்ட இரவு. தம்பிக்கு அப்போது எட்டு வயது. ஊர் முழுக்கக் கரண்ட் போனது, அடுத்த நிமிடம் துறைமுகப் பக்கம் இருந்து எல்லாத் துப்பாக்கியும் மேலே பார்த்து வெடிக்கத் தொடங்கியது. சிவப்புச் சிவப்பாய்க் கோடு. எங்கே சுடுகிறார்கள், எதைச் சுடுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. மேசைக்குக் கீழே அவன் என் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான் அறுந்தது, அது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. எங்களுக்குச் சைரன் இல்லை, அறிவிப்பு இல்லை. கரண்ட் போவதுதான் அறிவிப்பு.

பதினேழு வருஷம் கழித்து அவன் வேறொரு கடற்கரையில் நின்று அதே மாதிரி வானத்தைப் பார்க்கிறான். அன்றைக்குப் பிறகு கட்டார் என்ன வாங்கி வைத்திருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்று கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். ஒரு பிள்ளை அந்த வானத்துக்குக் கீழே தூங்குகிறான் என்றால் வாசிக்காமல் இருக்க முடியாது.

நாலு திருகோணமலை மாவட்டத்தைச் சேர்த்து ஒட்டினால் வருகிற அளவுதான் கட்டார். 11,500 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஈரான், கடலுக்கடியில் இருக்கிற பெரிய எரிவாயு வயலில் இரண்டு பேருக்கும் பங்கு. இந்தப் பக்கம் சவூதி, 2017 ஜூனில் எமிரேட்ஸ், பஹ்ரைன், எகிப்து எல்லாரும் அவர்களோடு சேர்ந்து கட்டாருக்குப் பாதையை அடைத்து, 2021 ஜனவரியில்தான் திறந்தார்கள். நடுவில் அல் உதெய்த் என்ற அமெரிக்க விமானத் தளம், அந்தப் பிராந்தியத்திலேயே பெரியது. பின்வாங்க இடமில்லாத நாடு. ஒரு ஏவுகணை எல்லையைத் தாண்டினால் அது ஏற்கெனவே தலைநகருக்கு மேல்தான். அதனால் அவர்கள் காசை அள்ளிக் கொடுத்து வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். 2014 ஜூலையில் அமெரிக்காவோடு 1,100 கோடி டொலர் அளவில் ஒப்பந்தம் போட்டார்கள், வருகிற ஏவுகணையை வானத்திலேயே அடிக்கிற பேட்ரியட்டும் அப்பாச்சி ஹெலிகளும் அதில் வந்தவை. பிறகு குறைந்த தூரத்துக்கு நாசாம்ஸ் என்ற இன்னொரு வான் பாதுகாப்புச் சாமான். 5,000 கிலோமீட்டர் தூரம் பார்க்கிற முன்னெச்சரிக்கை ராடர் ஒன்றை விற்க 2013 இலேயே அமெரிக்கா சம்மதித்தது.

பேட்ரியட் என்றால் ஒரு பீரங்கி மாதிரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஒரு ஊரே வேலை செய்கிற மாதிரி ஒரு சாமான். ஒரு லொறியில் ராடர், இன்னொன்றில் ஆட்கள் இருந்து முடிவெடுக்கிற பெட்டி, இன்னொன்றில் மின்சாரம், தள்ளித் தள்ளி ஏவுகிற லொறிகள். பாக்-3 என்கிற புது ஏவுகணை பக்கத்தில் போய் வெடிப்பதில்லை, வருகிறதன் மேலேயே நேராக மோதி உடைக்கிறது. தம்பி காட்டிய அந்த விரிவு அப்படியான மோதலாக இருக்க வேண்டும். அதில் புதுசு ஒன்றின் விலை சுமார் 40 லட்சம் டொலர், நம்முடைய காசுக்கு 120 கோடி ரூபாய்க்குக் கிட்ட. உடைந்த துண்டுகள் எங்காவது விழத்தான் செய்யும், அன்றைக்கும் விழுந்தன.

அந்த இரவு ஏவப்பட்டவற்றில் ஒன்று மட்டும் தளத்தில் விழுந்தது, ஒருவரும் சாகவில்லை. பேட்ரியட்டில் நின்ற அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கிடைத்த நேரம் சுமார் இரண்டு நிமிடம் என்று அவர்களுடைய தளபதி பிறகு சொன்னார். இரண்டு நிமிடம்! ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்னால் பல மணி நேரம் இருந்தது. ஈரான் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அடித்தது, ட்ரம்ப் அதற்கு நன்றிகூடச் சொன்னார். தளத்தில் விமானங்களை முன்பே எடுத்துவிட்டார்கள். கட்டார் வான்வெளியை மூடியது. தோஹாவில் இருக்கிற அமெரிக்கத் தூதரகம் தன் ஆட்களை இருந்த இடத்திலேயே ஒதுங்கி இருக்கச் சொன்னது.

அதே வருஷம் செப்டம்பர் 9. அதே தோஹா, பட்டப்பகல். இஸ்ரேல் அடித்தது. ஹமாஸ்காரர் ஐந்து பேரும் கட்டாரின் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் செத்தார்கள். ராடரில் படாத ஆயுதங்களைப் பாவித்தார்கள் என்று கட்டார் பிரதமர் சொன்னார். செங்கடல் பக்கம் இருந்து விமானங்கள் ஏவியதாக அமெரிக்க அதிகாரிகளை வைத்துச் செய்தி வந்தது. அதே பேட்ரியட், அதே காசு, அதே வானம், மூன்று மாதம்கூட இடைவெளி இல்லை. ஜூனில் சொல்லிவிட்டு வந்தது நின்றது, செப்டம்பரில் சொல்லாமல் வந்தது நிற்கவில்லை.

இது எனக்குப் புதுக் கதை இல்லை. திருகோணமலையில் பிறந்த யாருக்கும் புதுசாக இருக்காது.

அம்மம்மாவுக்கு 1942 இல் எட்டு வயது. "ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்" என்றுதான் அவர் எதையும் கணக்கு வைப்பார், இன்னார் பிறந்தது ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு அடுத்த வருஷம் என்கிற மாதிரி. ஏப்ரல் 4 பின்னேரம் கொக்கலையில் இருந்து பறந்த பேர்ச்சல் என்ற கனடா விமானி, இலங்கைக்குத் தெற்கே ஜப்பான் கப்பற்படையைக் கண்டார். சுட்டு விழுத்தப்படுவதற்குள் செய்தியை அனுப்பிவிட்டார், போர் முடியும்வரை ஜப்பானிடம் கைதியாக இருந்தார். ஏப்ரல் 5 கொழும்புக்கு அடி. ஏப்ரல் 8 இல் இன்னொரு விமானம் அவர்கள் எங்கள் பக்கம் வருவதைக் கண்டது, அன்றிரவே துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். 9ஆம் திகதி காலை ராடரும் பிடித்தது, திருகோணமலையின் சீனக்குடா விமானத் தளத்தில் இருந்து ஹரிக்கேன் போர் விமானங்கள் மேலே ஏறிச் சண்டை பிடித்தன. துறைமுகமும் விமானத் தளமும் அடி வாங்கின, ஆனால் கப்பல்கள் நிறைந்த துறைமுகத்தில் அந்த அடி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வெளியே போன கப்பல்களில் ஒன்றுதான் ஹெர்மிஸ். விமானம் தாங்கிக் கப்பலாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல். அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை, எல்லாம் கரையில். மட்டக்களப்புக் கடலில் ஜப்பான்காரர் அதைப் பிடித்தார்கள். துணைக்குக் கேட்ட விமானங்கள் வந்து சேரும்போது கப்பல் அடியில். 307 பேர் அதோடு போனார்கள். அதாவது செய்தி கிடைத்தது, நேரமும் கிடைத்தது, ஆனால் அந்த நேரத்தை வைத்து ஹெர்மிஸுக்குக் குடை பிடிக்க ஒருவரும் இருக்கவில்லை.

அம்மம்மாவின் வீட்டார் சட்டி பானையோடு கன்னியாப் பக்கம் நடந்தே போனார்களாம். ஒருவரும் வந்து சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் போகிறார் என்று இவர்களும் போனார்கள். "எங்களுக்கு ஆர் சொன்னது" என்று அவர் கேட்பார். கோபமாகக் கேட்க மாட்டார், உப்புப் புளி பார்க்கிற மாதிரி ஒரு குரலில் கேட்பார்.

சீனக்குடாவில் அந்தக் காலத்து எண்ணெய்க் குதங்கள் இன்றைக்கும் 99 நிற்கின்றன. ஒன்றில் ஜப்பான் விமானம் வந்து மோதி ஏழு நாள் எரிந்ததாக ஊரில் சொல்வார்கள். அங்கே வேலை செய்த மாமா ஒருவர் நான் படிக்கிற காலத்தில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். காட்டுக்குள் இரும்புச் சுவர், சூடு பட்ட பிளாஸ்டிக் மாதிரி உள்ளே மடிந்து சரிந்து கிடந்தது, மடிப்புக்குள் ஒரு மரம் வளர்ந்து என் இடுப்பளவு பருத்திருந்தது. கை வைத்துப் பார்த்தேன். வெயிலுக்குச் சுட்டது.

இதனால்தான் 2019 செப்டம்பர் 14 இல் சவூதியின் அப்கைக்கில் எண்ணெய் நிலையம் எரிந்த படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தக் குதம்தான் நினைவுக்கு வந்தது. சவூதியிடம் பேட்ரியட் இல்லாமலா? இருந்தது. தாழ்வாக வந்த ட்ரோன்களும் குரூஸ் ஏவுகணைகளும் உள்ளே வந்துவிட்டன, சவூதியின் எண்ணெய் உற்பத்தியில் பாதி ஒரே நாளில் நின்றது. அந்தப் பேட்ரியட்டின் ராடர் ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கும், அதை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறார்கள் என்பதே ஒரு முடிவு. தாழ்வாக, மெதுவாக, சின்னதாக வருகிறது வேறு வகைத் தலையிடி. இலங்கைக்கு அது 2007 இலேயே தெரியும். கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தில் மார்ச் 26 இல் புலிகளின் குண்டு விழுந்தபோது வந்தது செக் நாட்டில் செய்த நாலு பேர் இருக்கிற விமானம், ஸ்லின் 143. அதற்காக ராடர் கொண்டுவந்தார்கள், சீனாவிடம் இருந்து எஃப்-7 ஜெட் வாங்கினார்கள். 2009 பெப்ரவரி 20 வரைக்கும் அந்த விமானங்கள் கொழும்புக்கு வந்துகொண்டுதான் இருந்தன. ஜெட்டின் வேகம் அந்தச் சின்ன எஞ்சினுக்கு முன்னால் பெரிசாக உதவவில்லை.

இன்னொரு விஷயம், இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. 1991 பெப்ரவரி 25, சவூதியில் தஹ்ரான். பேட்ரியட் நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியதில் அதன் உள் மணிக்கூடு ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்கு பிசகியது. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை வருகிற வேகத்துக்கு அது அரைக் கிலோமீட்டருக்கு மேல். ராடர் தவறான இடத்தில் தேடியது, படுக்கைகள் இருந்த கட்டடத்தில் ஏவுகணை விழுந்து 28 அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். திருத்திய மென்பொருள் அடுத்த நாள் வந்து சேர்ந்தது.

ஆக, சாமான் வாங்குவது தேவைதான். வாங்காமல் இருந்திருந்தால் ஜூன் 23 இரவு வேறு மாதிரி முடிந்திருக்கும், என் தம்பி அந்த மொட்டை மாடியில் நின்றான், நான் அதை மறக்க மாட்டேன். ஆனால் எத்தனை பேட்ரியட், எத்தனை கோடி டொலர் என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு கேள்வியை விட்டுவிடுகிறார்கள். ராடர் பிடித்த செய்தி கடைசியாக யாருக்குப் போய்ச் சேருகிறது? தூதரகம் தன் பிரசைகளுக்குச் சொன்னது நல்லது. தம்பி இருக்கிற கட்டடத்தில் ஒவ்வொரு அறையிலும் ஆறு பேர். திருகோணமலை, கிண்ணியா, மூதூர், நேபாளம், பீகார், எல்லா இடத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அன்றைக்கு அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வேலை கொடுத்தவர்கள் அடுத்த நாள் காலை வழமையான நேரத்துக்கு பஸ் அனுப்பினார்கள். வான்வெளி மூடியதை அவன் அறிந்தது நேபாளத்துப் பையன் ஒருவனுக்கு ஊரில் இருந்து வந்த மெசேஜில். ஐந்தாயிரம் கிலோமீட்டர் பார்க்கிற ராடர் வாங்கிய நாட்டில் இது நடக்கிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு பாஷையில் ஒரு மெசேஜ் அனுப்ப என்ன செலவு? எந்தப் படிக்கட்டால் இறங்குவது, கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்காதே, மாடிக்கு ஏறாதே, இவ்வளவுதானே. நாங்கள் பங்கர் வெட்டி வாழ்ந்த சனம், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

செப்டம்பருக்குப் பிறகு நான் அவனை விடவில்லை. கட்டடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டேன். கார் நிறுத்துகிற இடம் ஒன்று நிலத்துக்கடியில் இருக்கிறதாம், மற்றக் கட்டடத்துக்குக் கீழே. போய்ப் பார்த்து படம் அனுப்பச் சொன்னேன், அனுப்பினான்: சீமெந்துப் படிகள், ஒரு பக்கம் கைபிடி இல்லை, கீழே ஒரு பல்ப். நடந்து பார் என்றேன்.

"நடந்தா நாலு நிமிஷம் அக்கா. ஓடினா ரெண்டு."

லிஃப்ட் இல்லாமலா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, இன்றைக்கு இரவு அறைப் பொடியன்களையும் கூட்டிக்கொண்டு படியால் இறங்கிப் பார்க்கிறேன் என்றான். லைற்றை நூர்த்துவிட்டு இறங்கச் சொல்லியிருக்கிறேன்.