கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் சென்றவர்

என் மகனுக்கு ஓட்டிசம் இருக்கிறது என்று அறிய வருகிறவர்களில் பலர் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். திருகோணமலையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. காய்ச்சல் வந்தாலும், பரீட்சை வந்தாலும், வெளிநாட்டு விசா இழுபட்டாலும் பாலையூற்று லூர்து அன்னையிடம் ஓடுகிறவர்கள் நாங்கள். அந்தப் பக்தியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும் மகனுடைய ஓட்டிசம் நீங்க வேண்டும் என்று நான் எந்த நேர்த்தியும் வைக்கவில்லை, வைக்கப்போவதுமில்லை.

லூர்து அன்னையின் திருநாளான பெப்ரவரி 11ஆம் திகதியை, 1993ஆம் ஆண்டு முதல் திருச்சபை உலக நோயாளர் தினமாகவும் கடைப்பிடிக்கிறது. அந்த நாளில் நோயாளருக்காக மன்றாடும் வேளை வந்ததும், “பிள்ளையைக் கொண்டுபோய் முன்னுக்கு விடு மகள், மாதா கைவிடமாட்டா” என்று பக்கத்தில் நிற்கும் வயதான அன்ரி ஒருவர் என் முழங்கையைத் தொட்டுச் சொல்வார். அவருடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை. டெங்குக் காய்ச்சலில் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் அழுது மன்றாடியவள்தான், ஏனென்றால் அது நோய். ஓட்டிசமோ மூளை வளர்கிற விதத்திலேயே உள்ள வேறுபாடு. அவன் கேட்பதும், தொடுவதும், மகிழ்வதும், பயப்படுவதும் எல்லாம் அதன் வழியாகவே நிகழ்கின்றன. அதை அவனிடமிருந்து பிரித்து எடுக்கும்படி கடவுளிடம் கேட்பது, வேறொரு பிள்ளையைத் தரும்படி கேட்பதாகவே எனக்குப் படுகிறது.

நேர்த்தியைப் பற்றிய கேள்விக்குப் பின்னால், யாருடைய குற்றம் என்ற இன்னொரு கேள்வி பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவனுடைய பெற்றோரா என்று கேட்க, இரண்டுமில்லை என்று இயேசு தெளிவாக மறுத்துவிடுகிறார். மருத்துவ உலகமும் இதே கேள்வியில் பல ஆண்டுகள் சிக்கிக் கிடந்தது. 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஓட்டிசத்தை விவரித்து எழுதிய பின்னர், தாயின் பாசக்குறைவே இதற்குக் காரணம் என்ற எண்ணம் வலுப்பெற்று, எத்தனையோ தாய்மார் குற்றவாளிகளாக நடத்தப்பட்டார்கள். 1964இல், தானே இத்தகைய பிள்ளையின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லண்ட் அந்தக் கருத்தை எதிர்த்து எழுதினார். 1977இல் இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டியது. நம் நாட்டில் 2009இல் வெளிவந்த ஆய்வொன்று, பரிசோதித்த சிறு குழந்தைகளில் ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதைக் கண்டது. அத்தனை வீடுகளிலும் தாய்மார் பாவம் செய்தார்களா?

என்னைத் தாங்கி நிற்கிற வேதப்பகுதி மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. காது கேளாத, பேச்சுத் திக்குகிற ஒருவனை மக்கள் இயேசுவிடம் கொண்டுவந்து, அவன்மேல் கைவைக்கும்படி வேண்டுகிறார்கள். அவர் முதலில் செய்வது, அவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் செல்வது. பிறகு விரல்களை அவன் காதுகளில் இடுகிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை நோக்குகிறார்; சொல் கேளாத ஒருவனுக்கு விளங்கக்கூடிய மொழியில், சைகையாலும் தொடுகையாலும், அவனோடு பேசுகிறார். இந்தப் பகுதியைக் குணமளித்தலுக்காக மட்டுமே நாம் வாசித்துப் பழகிவிட்டோம். ஒரு மனிதனுக்கு எது தேவை என்று பார்த்து, அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொண்ட ஆண்டவரையே நான் அதில் காண்கிறேன். தலையில் பலர் கைவைத்து உரக்கச் செபிக்கும்போது என் மகன் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டுவிடுகிறான். அவனுக்காகச் செய்யப்படும் அந்தச் செபம் அவனை எட்டுவதேயில்லை.

ஆகவே நாங்கள் கோயிலை அவனுக்கு எட்டச் செய்ய முயன்றோம். எங்கள் கோயிலிலேயே எடுத்த படங்களை மட்டையில் வரிசையாக ஒட்டினேன்: வாசல், தீர்த்தத் தொட்டி, எங்கள் வாங்கு, வாசகம், காணிக்கை, நற்கருணை, கடைசியில் வீடு. ஒவ்வொன்றும் முடிய அந்தப் படத்தை அவனே கழற்றி என் கையில் தருவான். அடுத்தது என்ன என்று தெரிந்திருப்பதே அவனுக்குப் பாதி அமைதி. ஒலிபெருக்கிக்குத் தூரமாக, பக்கக் கதவடியில் அமர்கிறோம். பாடல் குழு தொடங்கும்போது காதுமூடியை மாட்டுகிறான். மறையுரை நீண்டால் வெளியே வேப்பமர நிழலில் நடந்துவிட்டு வருகிறோம். மறையுரை வேளையில் அவன் எழுப்பும் ஓசைக்காகத் திரும்பி முறைத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

அவனுடைய சொந்தச் சொற்கள் மிகக் குறைவு. கேட்டதைத் திரும்பச் சொல்வதே அவனுடைய பேச்சு. ஆனால் வீட்டுக்கு யாராவது வந்து படலையைத் திறந்தால், குருவானவரின் அதே இராகத்தில், “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்கிறான். மனிதர்கள் ஒன்றுகூடும்போது சொல்லப்படுவது அதுவென்று அவன் கண்டுபிடித்திருக்கிறான். மீன் கொண்டுவருகிற ஐயா சைவர். அவரும் இப்போது, “உம் ஆன்மாவோடும் இருப்பாராக” என்று தவறாமல் பதில் சொல்லிவிட்டே தராசை எடுக்கிறார்.

முதல் நற்கருணைக்கு, அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை முதன்முறை பெறுவதற்கு, அவனைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, அவனுக்கு எதுவும் விளங்காதே என்றார்கள் சிலர். திருச்சபைச் சட்டத்தின் 913ஆம் பிரிவு, கிறிஸ்துவின் மறைபொருளைப் பிள்ளை தன் ஆற்றலுக்கேற்ப உணர்ந்திருக்க வேண்டும் என்றே கேட்கிறது. முழுமையாக உணர்ந்த பெரியவர் எங்கள் வரிசையில் யார்? இடியப்பத்தைத் தவிர வேறெதையும் எளிதில் வாயில் வைக்காத பிள்ளைக்கு, அருட்சகோதரி ஒருவர் அர்ச்சிக்கப்படாத அப்பத்தைக் கொண்டுவந்து, முதலில் பார்க்கவும், பிறகு விரலால் தொடவும், பிறகு உதட்டில் வைக்கவும், கடைசியில் ஒரு துணுக்கை நாவில் ஏற்கவும் மாதக்கணக்கில் பொறுமையாகப் பழக்கினார். விறைப்பான வெள்ளைச் சேட்டும் நெரிசலும் இல்லாத ஒரு வாரநாள் காலைத் திருப்பலியில் அவன் நற்கருணை வாங்கினான்.

2014ஆம் ஆண்டு நவம்பரில், ஓட்டிசம் உள்ளவர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் வத்திக்கானில் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், அவர்களைச் சூழ்ந்துள்ள தனிமையை உடைக்கும்படி கேட்டுக்கொண்டார். அது உரோமையில் சொல்லப்பட்டது. நடக்க வேண்டியது நம் ஊர்ப் பங்குக் கோயில்களில். வருகிற திருநாளில் வெடி கொளுத்தும் நேரத்தை முன்கூட்டியே அறிவிக்கவும், நவநாளில் ஒரு திருப்பலியையாவது ஒலிபெருக்கியைக் குறைத்து ஒப்புக்கொடுக்கவும் பங்குச் சபையிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். கொடியேற்றத்துக்கு முன் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில், இப்படியான பிள்ளையை வைத்துக்கொண்டு ஞாயிறுகளில் வீட்டிலேயே இருந்துவிடுகிற தாய்மார் யாராவது இதை வாசித்தால், தயங்காமல் வாருங்கள். பக்கக் கதவடி வாங்கில் இன்னும் இடமிருக்கிறது.