இருபது பேர் நின்றும் ஏன் யாரும் அசைவதில்லை?

ஒருத்தர் சுருண்டு விழுகிறார். சுற்றி இருபது பேர், யாரும் அசையவில்லை. மனசாட்சியே இல்லை என்று திட்டுவோம், விஷயம் அதுவல்ல. பக்கத்தில் நிற்பவர் முகத்தை நாம் பார்க்கிறோம், அவர் நம் முகத்தைப் பார்க்கிறார். இரண்டு முகமும் சும்மா இருப்பதால் ஆபத்தில்லை என்று இருவருமே முடிவு கட்டிவிடுகிறோம். 1968-ல் லதானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாத மாதிரி நடித்த இருவரோடு உட்கார்ந்தவர்களில் 10 சதவீதம்தான்.

அதனால் "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று கத்தாதீர்கள். அந்த 'யாராவது' வரவே மாட்டார். விரலை நீட்டி, "நீலச் சட்டை அண்ணா, நீங்க போன் பண்ணுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க" என்று ஒரே ஆளிடம் சொல்லுங்கள்.

பலரும் ஏமாறும் இடம் இன்னொன்று. இதயம் நின்று விழுந்தவர் சில நேரம் விட்டு விட்டு, குறட்டை மாதிரி இழுப்பார். அதை மூச்சு என்று நம்பிக் காத்திருப்பார்கள். தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லையா? வயது வந்தவர் என்றால் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக எழும்பணும். இரண்டு நிமிடத்தில் கை தளரும், ஆளை மாற்றுங்கள். விலா எலும்பு முறியும் சத்தம் கேட்டாலும் நிறுத்தாதீர்கள்.