ஐந்தைந்து பேராக

நம் பள்ளியின் செவிலியராக இருந்த சிஸ்டர் காலமான செய்தி வந்த நாளிலிருந்து நம் பழைய மாணவியர் சங்கத்தில் எல்லோரும் புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தையும், வயிற்று வலிக்குக் கொடுக்கும் கார்மினேட்டிவ் மிக்சரையும், ஸ்பிரிட் வாடை அடிக்கும் அந்த அறையையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவை எல்லாம் படியேறி வந்த பிள்ளைகளுக்கு அவர் செய்தவை. படியேறி வராத பிள்ளைகளுக்கு அவர் செய்ததுதான் பெரிது. நோயை மறைத்தவர்கள், நோய் இருப்பதே தெரியாதவர்கள், தெரிந்தும் சொல்ல வெட்கப்பட்டவர்கள் எல்லோரையும் அவர் தேடிக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது பக்கத்து பெஞ்சுக்காரிக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். அதே தொழிலில் வெளிநாட்டு மருத்துவமனைகளில் இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அந்த வேலையின் நுட்பத்தை எழுதி வைக்க விரும்புகிறேன்.

உடல் சோதனைக்கு அவர் ஐந்தைந்து பேராகக் கூப்பிட்டது நம் எல்லோருக்கும் தெரியும். ஏன் ஐந்து என்று அப்போது யாரும் கேட்டதில்லை. வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஐந்து பேர். எடை, உயரம், பல், கண், நகம், காதுக்குப் பின்பக்கம், பிறகு திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராக முதுகும் தொடையும். ஒருத்தியை மறுபடி பார்க்கவேண்டி வந்தால் அவளை மட்டும் கூப்பிட மாட்டார். "அன்னைக்கு எடை மிஷின் சரியில்ல கண்ணு" என்று சொல்லி அந்த ஐந்து பேரையும் திரும்ப வரச் சொல்வார். இன்னும் நான்கு பேரை எடை போடும் வேலை கூடுதல்தான். அதை அவர் ஒரு நாளும் குறைத்துக்கொள்ளவில்லை.

இதற்குக் காரணம் நம் ஜில்லா. வட ஆற்காட்டில் அப்போது தொழுநோய் மிகுதி. 1955இல் காட்பாடி பக்கம் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் அமைந்ததும், பால் பிராண்ட் டாக்டர் வேலூரில் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியதும் இந்த நோய் இங்கே அவ்வளவு இருந்ததால்தான். மருந்து இருந்தது. ஆனால் 'பெருவியாதி' என்ற பேச்சு ஒரு வீட்டைப் பற்றிக் கிளம்பிவிட்டால், அந்த வீட்டுப் பெண்ணின் படிப்பு நின்றுவிடும். அக்கா தங்கைகளின் கல்யாணப் பேச்சும் நின்றுவிடும். பள்ளியில் ஒரு பிள்ளையைத் தனியே கூப்பிட்டுத் தோலைப் பார்ப்பதே அந்தப் பேச்சைக் கிளப்பப் போதும்.

சோதனையைக் காலை வெயிலில், கிழக்கு ஜன்னல் ஓரத்தில்தான் செய்வார். டியூப் லைட்டில் வெளிறிய படை கண்ணில் படாது. படை தெரிந்தால் முதலில் பிள்ளை கண்ணைத் திறந்திருக்கும்போதே பஞ்சு நுனியால் தொட்டுக் காட்டுவார்: "இப்படித் தொடுவேன், தொட்ட இடத்தை விரலால் காட்டணும்." பிறகு கண்ணை மூடச் சொல்வார். நல்ல தோலில் ஒரு தொடல், படையில் ஒரு தொடல் என்று மாற்றி மாற்றி, ஒரே தாளத்தில் இல்லாமல் தொடுவார். தாளம் வந்துவிட்டால் உணர்ச்சி இல்லாத இடத்தையும் பிள்ளை ஊகித்துக் காட்டிவிடும். பஞ்சைத் தோல்மேல் இழுக்கவும் கூடாது. நுனி வளையும் அளவுக்குத் தொட்டால் போதும். அடுத்து முழங்கை. உட்பக்க எலும்பு முண்டுக்குப் பின்னால் ஓடும் நரம்பை விரலால் உருட்டி, தடித்திருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு கையை மட்டும் பார்த்தால் தடிப்பு புரியாது.

வெளிறியதெல்லாம் தொழுநோய் இல்லை. சின்னப் பிள்ளைகளின் கன்னத்தில் வரும் மங்கலான திட்டு வேறு. நகத்தால் சுரண்டினால் பொடிப் பொடியாக உதிரும் தேமல் வேறு. பால் வெள்ளையாகப் பரவும் வெண்படைக்கும் தொழுநோய்க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முகத்துத் தோலில் நரம்புகள் நெருக்கம் என்பதால் அங்கே பஞ்சுச் சோதனையை நம்ப முடியாது. சந்தேகமானால் படையின் அளவைப் பதிவேட்டில் வரைந்துவைத்து, மூன்று மாதம் கழித்து அதே ஐந்து பேரை அழைத்து மறுபடி அளப்பார். அவசரப்பட்டு நோயின் பெயரைச் சொன்னதே இல்லை.

உறுதியானால் வகுப்பாசிரியைக்குக்கூடச் சொல்ல மாட்டார். தலைமையாசிரியை, பெற்றோர், மருத்துவர், அவ்வளவுதான். பிள்ளை கரிகிரிக்குப் போகும் நாளில், கண் டாக்டரிடம் போகிறாள் என்றே மற்ற எல்லோருக்கும் சொல்லப்படும். முதலில் டாப்சோன் மாத்திரை மட்டுமே, வருடக்கணக்கில். 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. கிருமி குறைவான வகைக்கு அப்போது ஆறு மாதம்: தினம் டாப்சோன், மாதம் ஒரு முறை கண்முன்னால் விழுங்கும் ரிஃபாம்பிசின். பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு டாப்சோன் 50 மில்லிகிராம், ரிஃபாம்பிசின் 450. மாத மாத்திரை விழுங்கிய அன்று சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் விடுதிக் குளியலறையில் பிள்ளை பயந்து அலறும், கூட்டம் கூடும், மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். இந்த ஒன்றை மறவாமல் சொல்வதே அந்தச் சிகிச்சையில் பாதி என்பேன்.

சொறி சிரங்குக்கும் இதே முறைதான். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, ராத்திரியில் கூடும் அரிப்பு. ஒரு பிள்ளைக்குக் கண்டால் அந்த விடுதி ஹால் முழுக்க ஒரே ராத்திரி மருந்து. அரிப்பு இல்லாதவர்களுக்கும்தான், ஏனென்றால் பூச்சி ஒட்டி முதல் நான்கைந்து வாரத்துக்கு அரிப்பே தெரியாமல் இருக்கலாம். பென்சைல் பென்சோயேட் 25 சதவீத மருந்து. சின்ன வகுப்புகளுக்குச் சரிபாதி தண்ணீர் கலந்து. குளித்து, துடைத்து, உடம்பு ஆறியபின் கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை, நகக்கண் விடாமல். சாப்பிடும் கையைக் கழுவினால் அங்கே மறுபடி தடவ வேண்டும். பலரும் விட்டுவிடும் இடம் அது. மறுநாளும் ஒரு பூச்சு. பிறகு பாவாடை, தாவணி, படுக்கை விரிப்பு எல்லாம் கொதிநீரில். பூச்சி செத்த பின்னும் அரிப்பு இரண்டு வாரம் இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மேலே மேலே தடவினால் தோல் வெந்துபோகும். ஆகவே பாட்டிலை விடுதியில் விட்டுவைக்காமல் எண்ணி எடுத்துக்கொண்டு போய்விடுவார். பேனுக்கும் முழு ஹால், முழு வரிசை. ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆவதால், அந்தக் கணக்கில் இரண்டாம் முறை.

அவருடைய பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதிய பெயர்கள் பென்சிலின் பிள்ளைகளுடையவை, அதாவது ருமாட்டிக் காய்ச்சல் கண்டவர்களுடையவை. தொண்டை வலி வந்து போகும். இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கும். அது சரியாகும்போது கணுக்கால், பிறகு மணிக்கட்டு. மூட்டு வலி தங்காமல் போய்விடும், ஆனால் இதய வால்வில் ஏற்பட்ட தழும்பு தங்கிவிடும். மறுபடி தொண்டைக் கிருமி தொற்றினால் தழும்பு கூடும். அதைத் தடுக்க 21 நாளுக்கு ஒரு முறை பென்சத்தீன் பென்சிலின் 12 லட்சம் யூனிட், எடை குறைந்த பிள்ளைக்கு 6 லட்சம். குறைந்தது ஐந்து ஆண்டு. இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் பத்து ஆண்டும் அதற்கு மேலும்.

அந்த ஊசி சுலபமானதல்ல. பால் போன்ற கலவை, கரையாது. குலுக்கிவிட்டு உடனே ஏற்றாவிட்டால் துகள் அடியில் படியும், ஊசி அடைத்துக்கொள்ளும். பிள்ளைக்கு இரண்டாவது குத்து. ஆகவே தடித்த ஊசி. குப்பியை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, இடுப்பின் மேல் வெளிப்பக்கத்தில், ரத்தக் குழாயில் இல்லை என்று இழுத்துப் பார்த்து, நிறுத்தாமல் ஒரே சீராக மெதுவாகச் செலுத்துவார். நடுவில் நிறுத்தினாலும் அடைக்கும். அட்ரினலின் குப்பியை உடைக்கத் தயாராக மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதெல்லாம். ஒவ்வாமை வந்தால் நிமிடக் கணக்குதான். முடிந்ததும் அரைமணி நேரம் உட்காரவைத்துப் பாடம் படிக்கச் சொல்வார். அந்த அரைமணியில் நாடியும் மூச்சும் பார்ப்பார். "டெஸ்ட்டுக்குப் படிக்க சிஸ்டர் ரூமுக்குப் போயிருக்கா" என்றே வகுப்பில் சொல்லப்பட்டது.

இந்தச் சிகிச்சை கெட்டுப்போவது எப்போதும் விடுமுறையில்தான். கோடை விடுமுறையில் இரண்டு ஊசித் தேதி வரும். பிள்ளை நன்றாக ஓடியாடும்போது வலிக்கும் ஊசி எதற்கு என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். செங்கம், போளூர், குடியாத்தம் என்று அவரவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தேதி குறித்த சீட்டு எழுதிக் கொடுப்பார். அப்பாவுக்குத் தனியாக ஒரு தபால் கார்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிறவளுக்கு டி.சி.யோடு ஓர் ஊசி அட்டை. எத்தனை பேர் அந்த அட்டையைக் கல்யாண வீட்டுக்கும் கொண்டுபோனார்களோ! மணமாகி முதல் பிரசவத்தில் மூச்சு முட்டி மருத்துவமனைக்கு வரும் பெண்களை எல்லா நாட்டு வார்டுகளிலும் பார்க்கலாம். கர்ப்ப காலத்தில் ரத்த அளவு கூடும்போது, சுருங்கிய வால்வால் அதைத் தாங்க முடியாது. அட்டை தொடர்ந்திருந்தால் பலருக்கு அந்த நிலை வந்திருக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண் பரிசோதனைக்கு ஆறு மீட்டர் தூரம். ஒரு கண்ணை உள்ளங்கையைக் குழித்து மூட வேண்டும். விரலால் அழுத்தினால் அந்தக் கண்ணின் பார்வை சிறிது நேரம் மங்கும், அடுத்து அதைச் சோதிக்க முடியாது. வரிசை அறைக்கு வெளியே நிற்க வேண்டும், இல்லையென்றால் எழுத்துகள் மனப்பாடம் ஆகிவிடும். பீடி சுற்றும் வீடுகளிலிருந்து வேலூர் கஸ்பா, சைதாப்பேட்டைப் பிள்ளைகள் வருவார்கள். ரத்தசோகையால் கீழிமையும் நாக்கும் வெளுத்திருக்கும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பாட்டுக்குப் பின்தான், வெறும் வயிற்றில் குமட்டும். மலம் கறுக்கும் என்று முன்பே சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி கூடாது. நெல்லிக்காயோ கொய்யாவோ கூடவே கொடுத்தால் சத்து நன்றாகச் சேரும். பிரேயரில் மயங்கி விழுந்தவளை உட்காரவைக்கக் கூடாது, படுக்கவைத்துக் காலைத் தூக்க வேண்டும். வேலூர் சித்திரை வெயிலில் உடம்பு கொதித்துப் பேச்சுக் குழறினால் அது வெறும் மயக்கம் இல்லை, வெப்பத் தாக்கு; ஈரத் துணி, விசிறி, உடனே ஆஸ்பத்திரி. மூக்கில் ரத்தம் வந்தால் முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். வலிப்புக்குச் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. அப்போதும் ஆயாம்மாவிடம் முதலில் கேட்பது போர்வைதான். நான்கு பக்கமும் பிடித்து மறைத்த பிறகே மற்றதெல்லாம். துணி மாற்ற வேண்டிய நாட்களுக்கான அலமாரிக்குப் பூட்டே கிடையாது. யார் எடுத்தார்கள் என்று அவர் கேட்டதும் இல்லை.

1909இல் வேலூரில் தொடங்கிய செவிலியர் பள்ளியின் பயிற்சி அவருடையது. பெரிய ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் மேட்ரன் ஆகியிருப்பார். நம்மில் எத்தனையோ பேர் அதே ஊரில் பயின்று வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் மெல்போர்னுக்கும் வந்தோம். நல்ல சம்பளம், நல்ல கருவிகள், நல்ல ஓய்வூதியம் கிடைத்தன; அதற்கு நன்றி உண்டு. ஆனால் அவருக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார நம்மில் ஒருத்தி அங்கே இருந்திருக்கலாம் என்ற எண்ணம் இந்த வாரங்களில் விடாமல் வருகிறது.

அவர் பெயரில் பள்ளியில் மருத்துவ அறை கட்டச் சங்கம் முடிவெடுத்து வரைபடம் அனுப்பியிருக்கிறது. அதில் மூன்று மாற்றங்களைக் கேட்கிறேன். நீளம் ஆறு மீட்டருக்குக் குறைவாக இருக்கிறது, கண் பரிசோதனைக்குப் போதாது; சுவரை நீட்டுங்கள். ஜன்னல் மேற்கே வைத்திருக்கிறார்கள். காலை வெளிச்சம் வரும்படி கிழக்கே வையுங்கள், அதன் அருகே திரை கட்ட இடம் விடுங்கள். கை கழுவும் குழாய் தாழ்வாரத்தில் இருக்கிறது, அதை அறைக்குள் கொண்டுவாருங்கள். மார்பிள் தரைக்கு ஒதுக்கிய பணத்தை வைப்பு நிதியாக்கினால் அதன் வட்டி ஒரு செவிலியரின் சம்பளத்துக்கு உதவும். அந்தச் சம்பளத்தின் குறையை மாதாமாதம் பங்கிட்டுக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் பொதுக்குழுவுக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.